கீப்பர் நிக்கிற இடம்

கீப்பர்: ...இல்ல, இல்ல, கதையை மாத்தாத மச்சான். உன் மொதல் பந்து என் பல்லுல படல. உதட்டுலதான் பட்டுச்சு.

பவுலர்: பல்லு ஆடுச்சா இல்லையா?

கீப்பர்: ஆடுச்சு.

பவுலர்: அப்ப பல்லுலதான் பட்டுச்சு. 'நான் போட்ட மொதல் பந்து கீப்பரோட பல்லை ஆட்டிடுச்சு'ன்னு சொன்னா நிருபர் நிமிர்ந்து உக்காருவான். உதடுன்னு சொன்னா எழுதவே மாட்டான்.

கீப்பர்: நல்லா எழுதுவான். சரி, காலை ஐஸ் தொட்டிக்குள்ள வை. முட்டி வெளிய தெரியுது பாரு. அந்த ஐஸெல்லாம் யாருக்கு?

பவுலர்: வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். இடுப்புக்குக் கீழ எனக்கு ஒடம்பு இருக்கான்னே தெரியல. ஆமா, நீ எதுக்குக் கையை வாளியில விட்டுட்டு உக்காந்திருக்க?

கீப்பர்: சும்மா... வேர்வை.

பவுலர்: வேர்வைக்கு ஐஸ் வாளியா? எடு, பாப்போம்.

கீப்பர்: அப்புறம் காட்டறேன். மொதல்ல நீ நிருபர்களுக்கு என்ன சொல்லப் போறன்னு சொல்லு. ஆட்டம் முடிஞ்சதுலருந்து வாசல்ல நிக்கிறாங்க. ஒருத்தன் கண்ணாடி வழியா எட்டிப் பாத்துட்டுப் போறான்.

பவுலர்: என்னத்தக் கேக்கப் போறாங்க? 'நாப்பது வயசாச்சு, எப்ப ரிட்டயர் ஆகப்போறீங்க?' அதானே.

கீப்பர்: அதேதான்.

பவுலர்: அதுக்கு நம்மகிட்ட பதில் தயாரா இருக்கு. 'வேகம் காட்டற மெஷினைப் பாக்காதீங்க ஐயா. என் கீப்பர் எங்க நிக்கிறான்னு பாருங்க. எனக்கு இருபது வயசுல எங்க நின்னானோ இன்னைக்கும் அங்கதான் நிக்கிறான்.' முடிஞ்சுது. கப்சிப்.

கீப்பர்: அதையே எத்தனை தடவைதான் சொல்லுவ...

பவுலர்: நல்ல பந்து ஒண்ணு கெடச்சா அதையே திரும்பத் திரும்பப் போடணும் மாப்ள. நான் இத்தனை விக்கெட் எடுத்தது வேற எப்படின்னு நெனச்ச?

கீப்பர்: இன்னைக்கு வேற எதாவது சொல்லேன். ஸ்விங்கப் பத்திப் பேசு. உன் செருப்பு... ம்ஹும், உன் ஷூ கதை சொல்லு. பெருவிரல் இடிக்குதுன்னு புது ஷூவுல கத்தியை வச்சு ஓட்டை போட்டியே, அது எல்லாருக்கும் புடிக்கும்.

பவுலர்: ஷூ கதை சின்னப் பசங்களுக்கு. பெரியவங்களுக்குக் கீப்பர் கதைதான். வேகமா வந்தா கீப்பர் தள்ளி நிப்பான், மெதுவா வந்தா கிட்ட வருவான். கிரிக்கெட்டே தெரியாதவனுக்குக் கூட ஒரு வரியில புரிஞ்சுரும். மெஷின் பொய் சொல்லும், கீப்பர் கால் பொய் சொல்லாது.

கீப்பர்: ...ம்.

பவுலர்: என்ன 'ம்'? சுரத்தே இல்லாம?

கீப்பர்: ஒண்ணுமில்ல. பசி.

பவுலர்: உனக்கு எப்பதான் பசிக்கல? சாதனை பண்ண அன்னைக்கே 'சாப்பாடு ஆறிடும் வா'ன்னு சொன்ன ஆளு நீ. உலகத்துல எந்த வேகப்பந்து வீச்சாளனும் தொடாத இடத்தைத் தொட்டுட்டு நிக்கிறேன்... மைதானமே எந்திரிச்சு நிக்குது... நீ காதுல வந்து சாப்பாடுங்கிற.

கீப்பர்: அந்த விக்கெட்டை யாரு பிடிச்சது?

பவுலர்: ஆரம்பிச்சுட்டான்யா.

கீப்பர்: சொல்லு, யாரு பிடிச்சது?

பவுலர்: நீதான். வாங்கிக்கோ.

கீப்பர்: பேட்டு எட்ஜுல பட்ட சத்தம் உனக்கே கேக்கல. அம்பயருக்கும் கேக்கல. நான்தான் தொண்டை கிழியக் கத்தினேன். அதுக்கப்புறம் ஒரு வாரம் எனக்குக் குரலே இல்ல. உன் தங்கச்சி சந்தோஷமா இருந்தா, வீடு அமைதியா இருக்குன்னு.

பவுலர்: அதனாலதான் அவ அந்த விக்கெட் போட்டோவை வீட்டுல மாட்டி வச்சிருக்கா. எனக்காகன்னு நெனச்சேன்.

கீப்பர்: போட்டோவுல நீ என்னைக் கட்டிப் பிடிக்கவே இல்ல. என்னைத் தாண்டி ஓடிப் போய் அம்பயரைக் கட்டிப் பிடிச்சுட்டு நிக்கிற.

பவுலர்: அவர்தானே கையைத் தூக்கினாரு! நீ எங்க ஓடிரப் போற? வீட்டுலதான் இருப்ப. எப்ப வேணா கட்டிப் பிடிச்சுக்கலாம்.

கீப்பர்: இதுவரைக்கும் பிடிக்கல.

பவுலர்: சரி விடு. முதுகு ஆபரேஷன் ஆகி நான் தரையில கெடந்தப்போ தினம் சாயங்காலம் வந்தியே, அதுக்கு எவ்வளவு நன்றி சொல்லியிருக்கேன்? டாக்டர் 'எந்திரிச்சு நடந்தாலே பெருசு, பந்தை மறந்துருங்க'ன்னுட்டாரு. மத்தவனெல்லாம் பழம் வாங்கிட்டு வந்து பாத்துட்டுப் போனான். நீ மட்டும்தான் பந்தோட வந்த.

கீப்பர்: பந்தை உன் கையில குடுத்தேன். நீ படுத்துக்கிட்டே கூரையைப் பாத்துத் தூக்கிப் போட்ட.

பவுலர்: தையல் நேரா நிக்கணும்... மணிக்கட்டு வளையக் கூடாது... போட்டுப் போட்டுக் கூரையெல்லாம் செவப்புப் பொட்டு. அம்மா வந்து பாத்துட்டு 'வீட்டுக்கு அம்மை போட்டிருக்கா'ன்னு கேட்டாங்க. மாப்ள, நான் ஸ்விங் கத்துக்கிட்டது மைதானத்துல இல்ல, அந்தக் கூரையிலதான். அதுக்கு முன்னாடி வேகம் மட்டும்தான் தெரியும். கண்ணை மூடிக்கிட்டு வீசுவேன்.

கீப்பர்: உண்மை. எங்க வரும்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பவுலர்: அப்ப கை தவறி உருண்டு போற பந்தை யாரு எடுத்துக் குடுப்பா?

கீப்பர்: நான்தான்.

பவுலர்: பொய். என் தங்கச்சி எடுத்துக் குடுப்பா. அவ எடுத்துக் குடுக்கிறதைப் பாக்கத்தான் நீ தினம் வந்த. நான் என்னமோ நட்புன்னு நெனச்சு உருகிக்கிட்டுக் கெடந்தேன்.

கீப்பர்: ரெண்டும்தான்! ரெண்டும்தான் மச்சான்! ஏன், ஒரே பந்துல ஸ்விங்கும் பவுன்ஸும் இருக்கக் கூடாதா?

பவுலர்: நல்லாப் பேசற. கீப்பர்களுக்கெல்லாம் வாய்தான்.

கேப்டன்: அண்ணா... உள்ள வரலாமா?

பவுலர்: வாய்யா கேப்டன். நீ வர்றதுக்கு எதுக்கு அனுமதி? நாங்கதான் உன்னைக் கேட்டுட்டு ஐஸுல எறங்கணும்.

கேப்டன்: அப்படியெல்லாம் சொல்லாதீங்கண்ணா. ஸ்கூல் படிக்கிறப்ப உங்க போட்டோதான் என் ரூம் கதவுல...

பவுலர்: தெரியும், தெரியும். நான் பந்து போடற போட்டோ. அதுல பின்னாடி தூரத்துல புள்ளி மாதிரி ஒண்ணு தெரியும் பாரு, அது இவன்.

கீப்பர்: புள்ளிக்கு வணக்கம் சொல்லு தம்பி.

கேப்டன்: வணக்கம்ணா. கதவைச் சாத்திக்கலாமா? நிருபருங்க நிக்கிறாங்க.

பவுலர்: என்னய்யா மொகமே சரியில்ல? நாளைக்குக் கடைசி நாள். ஒருத்தனைத் தூக்கிட்டா ஆட்டம் நம்முது. அவனுக்கு அப்புறம் வர்றவங்களுக்கு பேட்டை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னே தெரியாது.

கேப்டன்: அந்த ஒருத்தனைப் பத்தித்தாண்ணா பேச வந்தேன். அவன் இன்னைக்கே போயிருக்கணும்.

பவுலர்: எட்ஜைச் சொல்றியா?

கேப்டன்: ஆமாண்ணா. உங்க பந்துதான். அருமையான பந்து. நல்லா வெளிய போச்சு, அவன் தொட்டுட்டான். நான் கீப்பர் அண்ணன் பக்கத்துல, ஸ்லிப்புல தயாரா நிக்கிறேன். பந்து வந்து... எனக்கு முன்னாடி தரையில விழுந்துருச்சு. பாஞ்சு பாத்தேன், கைக்கு மண்ணுதான் கெடச்சுது. அப்ப அவன் இருபது கூட அடிக்கல. இப்ப நூறு தாண்டி நிக்கிறான்.

கீப்பர்: பிட்ச் செத்துப் போச்சு தம்பி. நாலு நாள் ஆச்சுல்ல? பந்தும் பழசு, பஞ்சு மாதிரி. யாரு போட்டாலும் அப்படித்தான் விழும்.

கேப்டன்: நம்ம புதுப் பவுலர் சின்னவன் போட்டது விழலயேண்ணா. இதே பிட்ச்சு, இதே பந்து. என் நெஞ்சுக்கு நேரா வந்துச்சு.

கீப்பர்: சின்னவன் தரையைக் குத்துவான். இவன் தடவிப் போடறவன். ரெண்டும் ஒண்ணா?

கேப்டன்: அது சரிதாண்ணா... ஆனா ஸ்லிப்புல எங்க நிக்கணும்னு நானா முடிவு பண்றதில்ல. நீங்க எங்க நிக்கிறீங்களோ அதே வரிசையில வந்து நின்னுக்கிறேன். நாலடி முன்னாடி நின்னிருந்தா அந்தக் கேட்ச்சைக் கண்ணை மூடிக்கிட்டுப் பிடிச்சிருப்பேன்.

கீப்பர்: அப்ப என் தப்புங்கிறியா?

கேப்டன்: ஐயோ, அப்படிச் சொல்லலண்ணா.

பவுலர்: சொல்லுய்யா, சொல்லிப் பழகு. கேப்டன்னா எல்லாரையும் திட்டணும்.

கேப்டன்: நான் நேராவே கேட்டுடறேன். கோவிச்சுக்காதீங்க. தேர்வுக்குழுக்காரங்க மேல வந்து உக்காந்திருக்காங்க. நாளைக்கு ஆட்டம் முடிஞ்சதும் அடுத்த டூருக்கு யாரு யாருன்னு எழுதப் போறாங்க. என்னைக் கூப்பிட்டு 'அவருக்கு இன்னும் வேகம் இருக்கா?'ன்னு கேட்டாங்க.

பவுலர்: நான் இங்கதான்யா இருக்கேன். 'அவரு'ன்னு சொவத்தைக் காட்டற.

கேப்டன்: மன்னிச்சுக்கோங்கண்ணா. உங்களுக்கு வேகம் இருக்கான்னு கேட்டாங்க. நான் சொன்னேன், 'அது எனக்குத் தெரியாது, பந்து போய்ச் சேர்ற கைக்குத்தான் தெரியும்'னு. அதனால கீப்பர் அண்ணன்கிட்டயே கேக்கறேன். நாளைக்குக் காலைல புதுப்பந்து எடுக்கிறோம். அதை இவர்கிட்ட குடுக்கறதா, சின்னவன்கிட்டயா? நீங்க சொல்லுங்க. பந்து பழைய மாதிரி வருதா?

கீப்பர்: வருது.

கேப்டன்: அடிச்சுச் சொல்றீங்களா?

கீப்பர்: எத்தனை தடவை சொல்லணும்? வருது. நான் நிக்கிற இடத்தைப் பாத்தா தெரியல?

கேப்டன்: தெரியுதுண்ணா. அதான் குழப்பமா இருக்கு.

கீப்பர்: குழப்பமா? இந்தா... இதைப் பாரு. இந்த விரலு. இன்னைக்கு மத்தியானம் இவன் போட்ட பந்து. எப்படி வீங்கியிருக்குன்னு பாத்தியா? வேகம் இல்லாமலா இப்படி ஆகும்?

பவுலர்: இதைத்தான் வேர்வைன்னியா?

கேப்டன்: அடேயப்பா... நகம் கறுத்துப் போச்சேண்ணா. நுனியிலயா பட்டுச்சு?

கீப்பர்: விரல்னா நுனின்னு ஒண்ணு இருக்கத்தானே செய்யும்?

கேப்டன்: நாளைக்குப் பந்தைப் பிடிக்க முடியுமா?

கீப்பர்: பல்லால கூடப் பிடிப்பேன். நீ அவன் கையில புதுப்பந்தைக் குடு.

பவுலர்: ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுறீங்களா? கேப்டன், இங்க பாரு. புதுப்பந்து எனக்கு. மொதல் மூணு ஓவர்.

கேப்டன்: மூணு ஓவரா?

பவுலர்: மூணே மூணு. அதுக்குள்ள அவனை நான் தூக்கறேன். தூக்கலைன்னா, பந்தை நானே கொண்டு போய் சின்னவன் கையில வைக்கறேன். வச்சுட்டு, மேல ஏறிப் போய்த் தேர்வுக்குழுகிட்ட 'என்னைத் தேடாதீங்க, டூருக்கு வரல'ன்னு என் வாயாலயே சொல்லிடறேன். உனக்கும் சங்கடம் இல்ல.

கீப்பர்: டேய்...

கேப்டன்: அண்ணா, அப்படி வேண்டாம்ணா. நான் அதுக்காகக் கேக்கல.

பவுலர்: நீ கேட்டது சரிதான். அதைத்தான் கேப்டன் கேக்கணும். மூணு ஓவர், குடுக்கறியா இல்லையா?

கேப்டன்: ...குடுக்கறேன்ணா.

பவுலர்: அப்புறம் இன்னொண்ணு. ஃபீல்டிங் நான் சொல்ற மாதிரி நிறுத்தணும். அந்த மூணு ஓவருக்கு மட்டும்.

கேப்டன்: உங்க இஷ்டம்ணா. யாரு எங்க நிக்கணும்னு சொல்லுங்க, அங்க நிறுத்தறேன். நிருபருங்ககிட்ட பத்து நிமிஷம்னு சொல்லிடவா?

பவுலர்: சொல்லு. போறப்ப கதவை நல்லா இழுத்துச் சாத்து.

கீப்பர்: போயிட்டானா? உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? யாரு கேட்டா உன்னை மூணு ஓவர்னு சவால் விடச் சொல்லி? அவன் போற போக்குல கேட்டான், நான் சமாளிச்சுட்டேன். வாயை மூடிக்கிட்டு ஐஸுல கெடந்திருக்கலாம்ல?

பவுலர்: நல்லாத்தான் சமாளிச்ச.

கீப்பர்: செட் ஆகி நூறு அடிச்சவனை மூணு ஓவர்ல தூக்க, அவன் என்ன தலையணையா?

பவுலர்: மாப்ள, அவன் இன்னைக்கு எனக்கு எங்க நின்னு ஆடினான்னு கவனிச்சியா?

கீப்பர்: எங்க?

பவுலர்: கிரீஸ் கோட்டுக்கு வெளிய. நல்லா ரெண்டடி வெளிய வந்து, காலை அகட்டி, வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி நிக்கிறான். எனக்கு! பத்து வருஷத்துக்கு முன்னாடி இதே ஆளு ஸ்டம்ப்பை மிதிச்சுருவானோன்னு பயப்படற அளவுக்கு உள்ள போய் நிப்பான்.

கீப்பர்: திமிரு. நூறு அடிச்ச திமிரு.

பவுலர்: திமிரு இல்ல, மூளை. பந்து வளையறதுக்குள்ள போய் மறிச்சுடறான். நான் எவ்வளவு ஸ்விங் பண்ணாலும் அவனுக்கு ஒண்ணுமே ஆகாது. வெளிய நிக்கிறவனுக்கு எல்பிடபிள்யூவும் அவ்வளவு சீக்கிரம் குடுக்க மாட்டாங்க.

கீப்பர்: அப்ப ஒரு பவுன்சர் போடு. தானா உள்ள ஓடுவான்.

பவுலர்: மூக்குக்கு வந்தா ஓடுவான். இப்ப வயித்துக்கு வருது. நிதானமா மடக்கி அடிச்சுட்டுக் கையுறையைச் சரி பண்ணிக்கிறான்.

கீப்பர்: யாரு சொன்னா வயித்துக்கு வருதுன்னு? நல்லாத்தான் வருது.

பவுலர்: அவனை உள்ள தள்ளணும் மாப்ள. உள்ள தள்ளிட்டா மூணு ஓவரே அதிகம். புதுப்பந்து, காலைல காத்து, என் மணிக்கட்டு... ஒண்ணை வெளிய போட்டு, ஒண்ணை வெளிய போட்டு, மூணாவதை உள்ள கொண்டு வருவேன். கால்ல வாங்கிட்டு அவனே நடப்பான், அம்பயரைக் கூடப் பாக்க மாட்டான். ஆனா உள்ள தள்ளற வேலை என்னால ஆகாது.

கீப்பர்: பின்ன?

பவுலர்: உன்னாலதான் ஆகும்.

கீப்பர்: நான் என்ன பண்ண, கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறதா?

பவுலர்: ஸ்டம்ப்பை ஒட்டி வந்து நில்லு.

கீப்பர்: ...என்ன?

பவுலர்: காது கேக்கலியா? ஸ்டம்ப்புக்குப் பின்னாலயே வந்து குந்து. நீ முதுகுக்குப் பின்னால மூச்சு விட்டா அவன் எப்படி வெளிய வருவான்? காலைத் தூக்கினா ஸ்டம்ப்பிங். தானா கிரீஸுக்குள்ள போயிருவான்.

கீப்பர்: வேகப்பந்துக்கா?

பவுலர்: ஆமா.

கீப்பர்: உன் பந்துக்கா?

பவுலர்: ஆமாங்கறேன்ல.

கீப்பர்: முடியாது.

பவுலர்: கை வலிக்குதா?

கீப்பர்: கையைக் கொண்டு குப்பையில போடு! மச்சான், உனக்கு மறந்துருச்சா? நீ முதுகு ஆபரேஷன் முடிஞ்சு திரும்பி வந்த மொதல் மேட்சு. அப்ப இருந்த கேப்டன் என்னைக் கூப்பிட்டு 'அவனுக்கு வேகம் இல்ல, ஸ்டம்ப்புகிட்ட போ'ன்னாரு. நானும் அறிவுகெட்டத்தனமாப் போய் நின்னேன். நீ என்ன பண்ண?

பவுலர்: பவுன்சர் போட்டேன்.

கீப்பர்: பேட்ஸ்மேனுக்கு இல்ல, எனக்கு! என் தலைக்கு! அப்புறம் எத்தனை நாள் என்கூடப் பேசல? என் கல்யாணத்துக்கு வந்து மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு மூலையில உக்காந்திருந்த. உன் சொந்தத் தங்கச்சி கல்யாணம்! எங்க சித்தப்பா என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'பொண்ணோட அண்ணனுக்கு இதுல இஷ்டம் இல்லையா'ன்னு கேட்டாரு.

பவுலர்: வேகப்பந்து வீச்சாளனுக்கு அதைவிட அவமானம் கெடையாது மாப்ள. அன்னைக்கு அழுதுட்டேன் தெரியுமா, ரூமுக்குப் போய்.

கீப்பர்: தெரியும். அதனாலதான் சொல்றேன், முடியாது. அது பத்து பேரு பாத்த மேட்சு. நாளைக்கு உலகமே பாக்கும். உலகத்துலயே அதிக விக்கெட் எடுத்த வேகப்பந்து வீச்சாளர்... அவர் பந்துக்கு கீப்பர் ஸ்டம்ப்பை ஒட்டிக் குந்தியிருக்கான். மறுநாள் எல்லாப் பேப்பர்லயும் அந்தப் படம்தான் வரும்.

பவுலர்: வரட்டும். எல்பிடபிள்யூ படத்தையும் பக்கத்துல போடச் சொல்லு.

கீப்பர்: விளையாடாத. இத்தனை வருஷம் நீ சேத்து வச்ச பேரு அது. ஒரு காலைப்பொழுதுல நான் போய்க் கலைக்க மாட்டேன். உனக்கு இன்னும் வேகம் இருக்கு.

பவுலர்: கையை வாளியிலருந்து எடு.

கீப்பர்: எதுக்கு?

பவுலர்: எடுங்கறேன்ல. இங்க நீட்டு. வேகமா வர்ற பந்து எங்க அடிக்கும்? உள்ளங்கையில அடிக்கும். பழைய நாள்ல உன் உள்ளங்கை எப்படிச் செவந்து கெடக்கும், நீ டம்ளரைக் கூட ரெண்டு கையாலதான் பிடிப்ப. இப்ப உள்ளங்கை பாரு, கொழந்தை கை மாதிரி இருக்கு. விரல் நுனியெல்லாம் கறுத்துக் கெடக்கு. நுனியில அடிக்கிறது எந்தப் பந்து மாப்ள? ரெண்டாந்தடவை தரையில குத்தி எந்திரிச்சு வர்ற பந்து. உன் கைக்கு வந்து சேர முடியாம, காலடியில விழற பந்து. அதை நீ கூட்டி வாரி எடுக்கற. நாலடி முன்னாடி வந்தா சுகமா வயித்துக்கு நேரா வாங்கலாம். வராம அங்கயே நின்னு வாரிக்கிட்டிருக்க.

கீப்பர்: அது... பழக்கம். கால் தானாப் போய் அங்க நிக்குது.

பவுலர்: போன வாரம் உன் வீட்டுக்கு நான் வந்தப்ப, தங்கச்சி உனக்குச் சட்டைப் பொத்தான் போட்டு விட்டுக்கிட்டிருந்தா. நான் கூடத்துலதான் இருந்தேன்.

கீப்பர்: அது அன்பு.

பவுலர்: என் தங்கச்சிக்கா? காலைல ஆபீஸுக்குக் கெளம்பற அவசரத்துல? எவன்கிட்ட சொல்ற? உன் விரல் மடங்கலடா.

கீப்பர்: அவகிட்ட எதுவும் கேட்டுடாத. பயிற்சியில பட்டுதுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

பவுலர்: பேப்பர்ல உன்னைத்தான் கிழிச்சாங்க. 'கீப்பருக்குக் கண்ணு மங்கிடுச்சு, பந்தையெல்லாம் தவற விடறாரு'ன்னு. உன் காலடியில விழுந்து ஓடின பந்தெல்லாம் என்னுது. பேரு உன்னுது கெட்டுச்சு. நீ ஒரு வார்த்தை பேசல.

கீப்பர்: கீப்பரைத் திட்டறது புதுசா என்ன? பிடிச்சா ஒருத்தனும் பாக்க மாட்டான், விட்டா ஊரே பாக்கும். எனக்குப் பழகிப் போச்சு. உனக்குப் பழக்கமில்ல. உன்னை ஒருத்தன் 'மீடியம்'னு சொல்லிட்டாலே ரெண்டு நாள் சோறு எறங்காது.

பவுலர்: இன்னைக்கு எனக்கு நல்லாப் பசிக்குது.

கீப்பர்: ...மச்சான், நிஜமாவே ஸ்டம்ப்பை ஒட்டி நிக்கச் சொல்றியா?

பவுலர்: நிஜமாத்தான். நீ வந்து குந்தற அந்த நிமிஷம் அவன் மொகத்தைப் பாக்கணும் எனக்கு. சிரிப்பான். 'கெழவனுக்கு வந்த கதியைப் பாரு'ன்னு சிரிச்சுக்கிட்டே ஒரு கால் பின்னாடி வைப்பான். அது போதும். வேகம் போச்சு, ஒத்துக்கறேன். வித்தை எங்கயும் போகல. இருபது வருஷத்துல இன்னைக்குத்தான் நான் நல்லாப் பந்து போடறேன், தெரியுமா? அந்த எட்ஜ் பந்தை இருபத்தஞ்சு வயசுல என்னால போட்டிருக்கவே முடியாது.

கீப்பர்: அது தேவாமிர்தமான பந்து. அவன் எட்ஜ் பண்ணதே பெருசு.

பவுலர்: அது கேப்டன் கைக்குப் போகாததுதான் எனக்கு வயித்தெரிச்சல். என் வேகத்துக்கு மரியாதை பண்றேன்னு என் விக்கெட்டைத் தின்னுட்ட நீ.

கீப்பர்: சண்டாளா! உனக்காக நான் விரலை ஒடச்சுக்கிட்டு... இரு, இரு. அந்தக் கேட்ச் இன்னைக்கு விழுந்துச்சு. பொத்தான் போன வாரம் பாத்த. பேப்பர்ல எழுதினது போன சீசன்... அப்ப உனக்கு எப்பத்துலருந்து தெரியும்?

பவுலர்: நிருபருங்க காத்துக்கிட்டிருக்காங்க. அந்தத் துண்டை எடு.

கீப்பர்: துண்டெல்லாம் அப்புறம். போன சீசன் பூரா ஒவ்வொரு பேட்டியிலயும் 'கீப்பர் நிக்கிற இடத்தைப் பாருங்க, கீப்பர் நிக்கிற இடத்தைப் பாருங்க'ன்னு ஊரைக் கூட்டிச் சொன்ன. நீ அப்படிச் சொல்லிட்டியேன்னுதான் என்னால ஒரு அடி கூட அசைய முடியல. மெதுவா வருதுன்னு உனக்குத் தெரிஞ்சுக்கிட்டேவா சொன்ன?

பவுலர்: தெரிஞ்சேதான் மாப்ள. நீ அசையக் கூடாதுன்னுதான் சொன்னேன்... நீ ஒரு அடி முன்னாடி வந்துட்டா அன்னைக்கே நான் ஆட்டத்துலருந்து நின்னுருவேன்னு பயம். அந்தப் பயம் இன்னைக்கு உன் விரலைப் பாத்ததும் போயிருச்சு. நாளைக்கு நீ முன்னாடி வந்து நில்லு... நான் நிக்கமாட்டேன்.